மருமகள் தூக்கி வந்த ஓட்டுப்பெட்டி

அசிதா பள்ளி மைதானத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கும். கருங்கடலோர ஒச்சம்சிரா நகருக்கு மேலே மலையடி ஊரில் அவள் விளையாட்டு ஆசிரியை. அவளுடைய விசில் தொலைந்துபோனபோது புதிது வாங்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டு வாசலுக்குள் கால் வைத்தால் ஊமை. மாமனார் காதில் விழும்படி மருமகள் பேசக்கூடாது, அவர் பேரை வாயால் சொல்லவே கூடாது. அப்காசியாவில் இதெல்லாம் இப்போது எவ்வளவோ தளர்ந்துவிட்டது. மாமனார் ஒரு காளையை அடித்து விருந்து வைத்து, "இனிமே பேசும்மா" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் மாமனார் தாராஷ் சொல்லவில்லை. கல்யாணமான வருஷம் காளை இளைத்துக் கிடந்தது. மறுவருஷம் மாமியார் போய்விட்டாள், வீட்டில் துக்கம். அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பாரில்லை. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

குடித்தனம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. தாராஷ் கூரையைப் பார்த்து, "இந்த வீட்ல உப்பு இருக்கா?" என்பார். உப்பு வந்து நிற்கும். அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் புருஷன் அட்குர் காதில் சொல்லுவாள். அவன் காரமானதையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தை அப்பாவிடம் சேர்ப்பான். பள்ளியிலும் தாராஷ் என்று ஒரு பையன் சேர்ந்தான். படித்து முடிக்கும்வரை அவன் "ஏய், மூணாம் பெஞ்சு!"தான்.

"என்னைக் கண்டா அவருக்கு ஆகாது. கல்யாணத்தன்னிக்கே, 'பொண்ணு என்ன சைப்ரஸ் மரமாட்டம் நெட்டையா இருக்கா'ன்னு சொன்னாராம்" என்று ஆசிரியைகளிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வாள். சிரித்தபடிதான் சொல்லுவாள். ஆனால் அடிக்கடி சொல்லுவாள்.

இப்படியிருக்கையில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. ஜார்ஜியா எங்களை இன்னும் தன்னுடைய ஒரு மூலை என்கிறது. தனிநாடு என்று ஒத்துக்கொண்ட தேசங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆனால் ஜனாதிபதி நாற்காலிக்கு மட்டும் எங்களிடம் ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வாக்குச்சாவடிக் குழுவில் அசிதா இருந்தாள். நடக்கமுடியாதவர்கள் வீட்டுக்குச் சின்னப் பெட்டியைத் தூக்கிப்போகிற வேலை அவள் தலையிலும், அவளிடம் படித்த கேசோ தலையிலும் விழுந்தது. கூடவே இரண்டு பார்வையாளர்கள். ஒரு வேட்பாளருக்காகக் கடைக்காரர் பெஸ்லான், இன்னொருவருக்காகத் தலைநகர் சுஹுமிலிருந்து வந்த இளம் வக்கீல் எஸ்மா.

ஓட்டு வாங்கப் போகிற வீட்டில் வெறும் ஓட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப முடியுமா? முதல் வீட்டில் ஒயின். இரண்டாவது வீட்டில் திராட்சைச் சாராயம், இறந்தவர்கள் பேரில் ஒரு கோப்பை, பிறக்கப்போகிறவர்கள் பேரில் ஒரு கோப்பை. யார் மனசும் நோகக்கூடாது என்று கேசோ எல்லார் பங்கையும் குடித்தான். மூன்றாவது வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வீடு தாராஷுடையது, அசிதாவின் சொந்த வீடேதான். மரத்தில் ஏறிய திராட்சைக்கொடியில் குலை பறிக்கிறேன் என்று எண்பது வயதில் உச்சிக்குப் போய், தொடையை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். மகனைக் கேட்காமல் தானே போன் போட்டு, பெட்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்பது கேசோவின் வேலை என்று அசிதா முன்பே பேசிவைத்திருந்தாள்.

"டேய் கேசோ! எழுந்திருடா!" வாசலுக்கு வெளியிலேயே அவனை உலுக்கினாள்.

"டீச்சர்... இன்னொரு ரவுண்டு ஓடணுமா?" என்றவன் மறுபக்கம் புரண்டு படுத்தான்.

அட்குர் ஊர்க்காரர்களை வேனில் சாவடிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். வேறு வழியில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாராஷ் முகம் வழித்து, பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டி, தொப்பியும் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே கூரையைப் பார்த்தார்.

"விருந்தாளிங்க வந்திருக்காங்க. இந்த வீட்ல மனுஷங்க யாரும் இல்லையா?"

அசிதாவின் கால்கள் தானாகவே அடுப்படிக்குத் திரும்பின.

"அக்கா, பெட்டி!" எஸ்மா பின்னாலேயே ஓடினாள். "அது எங்க கண்ணவிட்டு மறையக்கூடாது!"

"அவ பார்க்கிறத நானும் பார்க்கணும்" என்று தொந்தியைத் தூக்கிக்கொண்டு பெஸ்லானும் ஓடினார். ஒரு கையில் நாட்டின் தலைவிதி, மறு கையில் துடுப்பு. அசிதா சோளக்களி கிண்டினாள். எஸ்மா பெட்டியைப் பார்த்தாள். பெஸ்லான் எஸ்மாவைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பாலாடைக்கட்டியைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்தது. அசிதா கட்டிலருகே வந்து, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, தலையாட்டிவிட்டு ஓட்டுச்சீட்டை நீட்டினாள்.

"பேரைச் சொல்லிக் கேக்கணும்" என்றாள் எஸ்மா.

அசிதா பாஸ்போர்ட்டில் பேர் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"சைகை செல்லாதுக்கா. வாயால கேட்டு, எப்படி ஓட்டுப் போடணும்னு சொல்லணும். நாங்க வாக்காளர்கிட்ட பேசக்கூடாது. இல்லேன்னா புகார் எழுதுவேன். மொத்தப் பெட்டியும் செல்லாமப் போகும்."

"ஏம்மா, நீ எந்த ஊர்ல வளர்ந்தே?" என்றார் பெஸ்லான். "அது அவளோட மாமனார்!"

"மாஸ்கோவில. அதுக்கென்ன? இங்க அவங்க மருமகள் இல்ல, அதிகாரி."

போன தேர்தலில் ஓட்டுத் தகராறு முற்றி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக் கதவையே பெயர்த்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. தாராஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசிதா இடுப்பில் பெட்டியோடு வாசலுக்குப் போனாள், இரண்டு பார்வையாளர்களும் பின்தொடர. அங்கே கட்டியிருந்த கன்றுக்குட்டியை இரண்டு திட்டு திட்டினாள். தொண்டை இளகியது. திரும்பி வந்து கட்டிலின் எதிரே விறைப்பாக நின்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். வந்தது மைதானக் குரல்.

"வாக்காளர் தாராஷ்!"

பூனை ஜன்னல் வழியே பாய்ந்தது. வெளியே வண்டிக்குள்ளிருந்து, "ஆஜர் டீச்சர்!" என்று கேசோ அலறினான்.

தாராஷ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சநேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"வாக்காளர் தாராஷ்..." இந்தத் தடவை குரல் உடைந்தது.

"என் பொண்டாட்டிகூட என் பேரைச் சொன்னதில்ல. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் எல்லாம் கல்லறைக்குப் போய்ட்டான்." கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "நீ பள்ளிக்கூடத்துல கத்துறது இங்க கேக்கும். பேசச் சொன்னா வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் கத்துவியோன்னு முதல்ல பயந்தேன். அப்புறம், இவ்வளவு நாள் பேசவிடாத மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்லப்போறாளோன்னு பயந்தேன்."

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன், மாமா!"

"பிடிக்காமத்தான் நீ ஊர்ல கத்துறப்பல்லாம் ஜன்னலைத் திறந்து வச்சேனா?"

பெஸ்லான் மூக்கைச் சிந்தினார். எஸ்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பேசத் தொடங்கிட்டே. யாருக்குப் போடட்டும், சொல்லு" என்றார் தாராஷ்.

அசிதாவிடம் அதற்கு நீளமான பதில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அதைச் சொல்லக்கூடாது!" என்று எஸ்மாவும் பெஸ்லானும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அடப்பாவிங்களா! இத்தனை வருஷம் நான் கட்டி வச்சிருந்தேன், நான் அவிழ்த்ததும் நீங்க கட்டுறீங்களா?" தாராஷ் சிரித்துத் தொடையைத் தட்டப்போய் வலியில் முனகினார். பிறகு போர்வைக்குள் தலையை நுழைத்து ரகசியமாகக் கோடு போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் தள்ளினார்.

அந்த வாரமே காளை அடித்து விருந்து நடந்தது. இளைத்த காளையல்ல. அசிதாவுக்கு ஒரு கடிகாரம் பரிசு. அட்குர்தான் பாவம், வேலை போன மொழிபெயர்ப்பாளன்போல ஓரமாக உட்கார்ந்து குடித்தான். தன் வழியாக இத்தனை வருஷம் போகாத பேச்சையெல்லாம் அவள் மாமனாரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்தலில் யாருக்கும் பாதி ஓட்டு தேறவில்லை. இரண்டாம் சுற்று வந்தது. எந்த வேட்பாளர் திருடன், எவன் அதைவிடப் பெரிய திருடன் என்று அசிதா காலைக் களியிலிருந்து ராத்திரிப் பால்வரை மாமனாருக்கு விளக்கினாள். இவர் எதிர்த்துப் பேச, அவள் பதிலுக்குப் பேச, அண்டை வீட்டுக்காரர்கள் வேலியருகே நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

ஓட்டு நாளன்று பெட்டியோடு அவள் கிளம்பத் தயாரானபோது சாவடிக் கதவு திறந்தது. இரண்டு கோல்களை ஊன்றி, வேர்த்து விறுவிறுத்து தாராஷ் நின்றார்.

"மாமா! டாக்டர் நடக்கக்கூடாதுன்னாரே! பெட்டி வீட்டுக்கே வருமே!"

"பெட்டி வந்தா கூடவே நீயும் வருவியே" என்றார் அவர். "ஒரு மனுஷன் அமைதியா யோசிச்சு ஓட்டுப் போடவேண்டாமா?"

சாவடியே சிரித்தது. அசிதா வாய்நிறையத் திட்டிக்கொண்டே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மறைப்புவரை கூட்டிப்போனாள்.