வாசனை வராத திராட்சை

என் வீட்டுக்காரருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற வேலை. ஊர் ஊராகப் போகிறவர், திரும்பி வரும்போது எதையாவது கொண்டுவருவார். பெரும்பாலும் அது யாருக்கும் வேண்டாத பொருளாக இருக்கும். ஒருமுறை கம்பம் பக்கம் போய்விட்டு வந்தவர், ஈரத் துண்டில் சுற்றிய ஒரு குச்சியை என் கையில் கொடுத்தார். பன்னீர் திராட்சையாம். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பேச்சுக் கொடுத்த தோட்டக்காரர், மூன்று தலைமுறையாக வைத்திருக்கும் கொடி என்று சொல்லி வெட்டிக் கொடுத்தாராம்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், கடலோரச் சந்து ஒன்றில். ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டியிருக்கும். இதில் திராட்சை ஒன்றுதான் குறைச்சல் என்று தோன்றியது. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு பூச்செடி கூட வாங்கித் தராத மனிதர் குச்சியாவது கொண்டுவந்தாரே என்று, வாசல் ஓரத்தில் சிமென்ட்டைப் பெயர்த்து நட்டுவைத்தேன்.

குச்சி பிழைத்துக்கொண்டது. சுவரைப் பிடித்து மொட்டைமாடிக்கு ஏறியது. அங்கே நாலு சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்துபோன பழைய இழுவலையை மேலே கட்டிப் பந்தல் போட்டேன். வாரத்துக்கு ஒருநாள் இலை இலையாகத் தண்ணீர் அடித்துக் கரியைக் கழுவ வேண்டும். பெற்ற பிள்ளைகளின் முகத்தைக்கூட நான் அவ்வளவு பொறுமையாகக் கழுவியதில்லை.

என் நாத்தனார்தான் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாடி அறையில் இருக்கிறாள். விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துவந்து, எங்கள் சந்து முனையில் உட்கார்ந்து விற்பாள். அவளுடைய மூக்கு எங்கள் வட்டாரத்தில் பேர் போனது. ஐஸில் கூடுதலாக ஒரு நாள் தூங்கிய மீனைத் தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். அவள் மோந்து பார்த்துக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று நிற்கிற பெண்கள் உண்டு. "மோந்து பாத்து குடுக்கா" என்பார்கள். அக்காவும் வஞ்சிரத்தைத் தூக்கி, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி அவர்கள் மீனை வாங்கிக்கொள்வார்கள்.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்த காலத்தில் அவளுக்கும் வந்தது. உடம்பு தேறிவிட்டது, மூக்கு தேறவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், பால் தீய்ந்த நாற்றம் தெருமுனை வரை வருகிறது. இருமிக்கொண்டே உள்ளே ஓடினால், அடுப்புக்குப் பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாமே இருமிகினு வர, தொண்டை கட்டிகிச்சா?" என்று கேட்டாள்.

நான் அடுப்பைக் காட்டினேன். பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய சொன்னேன்னு வெச்சிக்க, உன்ன இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. மூக்கு இல்லாத மீன்காரிகிட்ட எவ வாங்குவா?"

செவுளையும் கண்ணையும் பார்த்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் இத்தனை நாளும் மீன் எடுத்துவந்திருக்கிறாள். முனையில் மோந்து பார்ப்பதெல்லாம் வெறும் நடிப்பு. சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் என் புத்தி எனக்குத் தெரியாதா. மறுநாளே, "சாம்பார் வாசனை எப்டிக்கா?" என்று கேட்டேன். "தெருவே மணக்குது" என்றாள். நான் அன்றைக்கு அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. கையிலிருந்த முறத்தால் ஒன்று வைத்தாள்; வாங்கிக்கொண்டேன்.

கொடி நன்றாகப் படர்ந்ததும், மொத்தத்தையும் கவாத்துப் பண்ண வேண்டும் என்று தோட்டக்காரர் போனில் சொன்னாராம். ஜாக்கெட் வெட்டுகிற கத்தரியை எடுத்துப்போய் இலை, கிளை ஒன்று விடாமல் வெட்டித் தள்ளினேன். அக்கா மாடிப்படியில் நின்றபடி, "வளத்ததும் நீயே, கொன்னதும் நீயே. என் தம்பி ஜாக்கிரதையா இருக்கணும்" என்றாள். ஆனால் வெட்டிய இடமெல்லாம் துளிர்த்தது. பூ வந்தது, கடுகு மாதிரி பிஞ்சு வந்தது, பிறகு பந்தல் முழுக்கக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

இந்தத் திராட்சையில் ஒரு விவகாரம் உண்டு. முதலில் நிறம்தான் வரும். கறுத்துவிட்டதே என்று பறித்துத் தின்றால் வாய் கோணிப்போகும். பொறுத்திருந்தால் இனிப்பும் வாசனையும் கடைசியில் சேர்ந்து வரும்.

அந்தச் சமயத்தில்தான் திருடன் வர ஆரம்பித்தான். கறுத்த பழத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்று படிந்திருக்கும். சில கொத்துகளில் மட்டும் அது தினமும் அழிந்திருந்தது. பழம் ஒன்றும் குறையவில்லை. தின்னாமல் தொட்டுவிட்டு மட்டும் போகிற திருடன் எவன் என்று பக்கத்து வீட்டுப் பையன்களை முறைத்தேன், எதிர்வீட்டம்மாவைச் சந்தேகப்பட்டேன். ஒரு விடிகாலையில் ஏலத்துக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கிவந்த அக்காவின் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். மூக்கு நுனி கரிக்கட்டையாக இருந்தது. மூக்குத்திக் கல்லில்கூடக் கொத்தில் படிகிற அதே கரி.

"இன்னாக்கா, மூக்குக்கு மை வெச்சிகினியா?"

கையால் துடைத்துப் பார்த்தாள். மழுப்ப வழியில்லை. படியிலேயே குந்திவிட்டாள்.

தினமும் வாசனையுள்ள பொருளை மோந்து பழகச் சொல்லியிருந்தாராம் ஆஸ்பத்திரி டாக்டர். திரும்ப வந்தாலும் வரலாம், அவசரப்படக்கூடாது என்றாராம். கிராம்பு, காப்பித்தூள், கற்பூரம் எல்லாம் பார்த்துவிட்டாள். கருவாட்டையே மூக்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை.

"அதெல்லாம் வாசனை வந்து முடிஞ்ச ஜாமான். இது அப்டி இல்ல பாரு. இதுக்கும் இன்னும் வாசனை வரல, எனக்கும் வரல. ரெண்டுக்கும் ஒண்ணா வந்துடும்மே" என்றாள்.

என் நாத்தனார் எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு கொடியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிண்டல் பண்ண எனக்கு நாக்கு எழவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வாசனை வந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பை யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. பந்தலுக்குக் கீழே அக்கா ஒரு கொத்தை மூக்கோடு வைத்து, கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கொத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வந்துட்ச்சா?"

"எங்கக்கா வந்துச்சி? இன்னும் ஒண்ணும் வரல" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபின் நான் எப்படி உண்மையைச் சொல்வது? பழத்துக்கு வாசனை வராத வரை குற்றம் பழத்துடையது. வந்துவிட்டால் அவள் மூக்குடையது.

ஆனால் பொய்யை நான் சொல்லிவிடலாம், தெரு சொல்லுமா? மறுநாள் எதிர்வீட்டம்மா ஜன்னலிலிருந்து, "மாடியில இன்னாம்மா இப்டி கமகமன்னு..." என்று ஆரம்பித்தாள். ஓடிப்போய், "இந்தக் கொடிக்குத் திருஷ்டி ஆவாதாம். பழம் அறுக்கற வரைக்கும் வாசனைன்னு ஒரு பேச்சு பேசக்கூடாது, பேசினா கொடி பட்டுப்பூடும்" என்று அடித்துவிட்டேன். கண்ணை விரித்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் அடுத்த வீட்டுக்குச் சொல்ல, அது சந்து முழுக்கப் பரவியது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லாரும் வாயை இறுக மூடி, மூக்கை மட்டும் நன்றாகத் திறந்துகொண்டு போனார்கள். பந்தலில் ஒரு பூசணிக்காய் வேறு கட்டிவைத்தேன். லோடு இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே, "அடடா, இன்னா வாசன..." என்று வாயெடுத்தார். இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். மீதியை முழுங்கிக்கொண்டார்.

பழம் முற்றியது. குளவி வந்தது, வௌவால் வந்தது, கொத்திலிருந்து உதிர ஆரம்பித்தது. "இன்னும் வரல, இன்னும் வரல" என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மூக்குதான் போயிருந்தது. கண்ணும் நாக்கும் அப்படியேதான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்திலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவிட்டு மாடிக்குப் போனாள். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"சக்கரையா கீது. இந்த இனிப்பு வந்த பழத்துக்கா வாசனை வரல?"

நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளாக்கா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் கத்தரியை வாங்கி, நல்ல கொத்தாகப் பார்த்து வெட்டித் தேக்சாப் பாத்திரத்தில் அடுக்கினாள். மீன் கூடை ஒரு கையில், திராட்சை ஒரு கையில் என்று முனைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கூட்டம் நின்றிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள் அக்கா. "காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு மூக்கு பூட்ச்சு. மோந்து பாத்து குடுத்ததெல்லாம் சும்மா. இனிமே வாங்கறவங்க வாங்குங்க, வேணாங்கறவங்க வேற எடம் பாத்துக்கங்க."

எதிர்வீட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீ சங்கரா மீன வால் பக்கமா மோந்து பாத்தியே, அன்னிக்கே தெரியும்க்கா."

"தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா?"

"மீனு நல்லாதான இருந்துச்சி. அப்பால எதுக்கு சொல்லிகினு?" என்றவள் என் பக்கம் திரும்பி, "திருஷ்டின்னு இவ கத வுட்டத மட்டும் நாங்க நம்பிட்டோமா இன்னா?" என்றாள்.

கூட்டமே சிரித்தது. சந்து முழுவதையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துத் திரிந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. மீன் கையாயிற்றே என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆளுக்கு ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள்.

"வாசனை எப்டி கீதுன்னு சொல்லுங்க. ஒயுங்கா சொல்லணும்."

பன்னீர் என்றாள் ஒருத்தி. ரோஸ்மில்க் என்றாள் இன்னொருத்தி. இருமல் மருந்து என்று ஒருத்தி சொல்ல, சந்தனமும் வெல்லமும் கலந்தாப்போல என்று வேறொருத்தி சண்டைக்குப் போனாள். அக்கா ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இத்தினி மூக்கு கீது, ஒரு பழத்தோட வாசனைய சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டம்மா பையை நீட்டினாள். அக்கா ஒரு வஞ்சிரத்தைத் தூக்கினாள். பழக்க தோஷம், மீன் பாதி வழி மூக்குக்குப் போனது. அங்கேயே நிறுத்தி, செவுளைப் பிரித்துப் பார்த்து, விரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் பையில் போட்டாள். அந்தம்மா மோந்து பார்க்கச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவளும் சொல்லவில்லை.