விட்டுப்போன ‘என்’

மருத்துவமனையின் அடித்தளத்தில், பன்னிரண்டு படி இறங்கியதும் இடது பக்கம் இருக்கும் குளிரூட்டிய அறைக்கு அவள்தான் ராணி. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, டேப்பம்மா என்றுதான். மேலே எடுக்கிற ஸ்கேன் படங்களைப் பழசானதும் காந்த நாடாவில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது அவள் வேலை. “எங்க வீட்டம்மா நாள் பூரா ரீல் சுத்தியே சம்பளம் வாங்கறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அவள் கணவர். பத்தொன்பது வருஷமாக அதே ஜோக். உண்மையில், ஒரு சின்னப் பொய் சொன்னாலே அவளுக்குக் காது சிவந்துவிடும்.

நாடா இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தான்தான். மற்றதெல்லாம் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும்: பின்னால் சுற்று, மூன்று பகுதி தாண்டு, கடைசிக்குப் போ. அந்த இயந்திரத்துக்குக் கணினியில் இரண்டு பெயர். ‘எஸ்டி’ என்று கூப்பிட்டால், சொன்ன வேலையை முடித்த கையோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற மாதிரி நாடாவின் ஆரம்பத்துக்கே ஓடிவிடும். முன்னால் ஓர் ‘என்’ சேர்த்து ‘என்எஸ்டி’ என்றால் நிறுத்தின இடத்திலேயே நிற்கும். இத்தனை வருஷமும் அவள் விரல்கள் அந்த ‘என்’னை யோசிக்காமலே தட்டி வந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நுரையீரல் மருத்துவர் போன் செய்தார். தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது. ஐந்து வருஷத்துக்கு முன் இங்கேயே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறாள்.

“அப்பவே இதே அளவுல இருந்திருந்தா சும்மா விட்டுடலாம்மா. இல்லைன்னா வியாழக்கிழமை வெட்டணும். அந்தப் படம் வேணும்.”

“பத்து நிமிஷத்துல அனுப்பறேன் சார்.”

அந்த வருஷத்து நாடாவைப் போட்டாள். படம் முதல் பகுதியிலேயே இருக்க வேண்டும். பட்டியல் திரையில் ஓடியது. எல்லாம் அவள் போன மாதம் ஏற்றிய படங்களுக்கு உரியவர்களின் பெயர்கள். தான் தட்டிய பழைய கட்டளைகளைத் திரையில் தேடினாள்.

போன மாதம் காலி நாடா ஒன்றைப் போட்டு இயந்திரத்தைச் சோதித்தாள். சோதனைக்கு ‘எஸ்டி’யே போதும் என்று அப்படித் தட்டினாள். பிறகு இந்த நாடாவின் கடைசியில் மீதியிருந்த இடத்தில் புதுப் படங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளை தானே வந்து நிற்கும் அல்லவா? சோம்பல்தான், வேறென்ன. அதையே கொஞ்சம் மாற்றி, ‘என்’ சேர்க்காமல் அனுப்பினாள். நாடா கடைசிவரை போய், அடுத்த நொடி ஆரம்பத்துக்கு ஓடி வந்தது. பழைய படங்களின் தலைமேலேயே புதுசு ஏறியது.

இரண்டாம் பிரதி பீரோவில் இருந்தது. அதைப் போட்டாள். அதே பெயர்கள். அன்றைக்கு அதற்கும் அதே அம்புக்குறியைத்தான் அழுத்தியிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “நாடா பழசாகிப் படிக்க முடியலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. யாரு நோண்டப் போறா? பத்தொம்பது வருஷ சர்வீஸ்மா.”

அப்படியே எழுதிவிடத்தான் அவளுக்கும் ஆசை. நிஜமாகவே ஆசை. ஆனால் படிக்க முடியவில்லை என்றால் நாடாவை மீட்டுத் தருகிறவர்களிடம் அனுப்பச் சொல்வார்கள். ஒரு மாதம் ஆகும். இல்லாத படத்துக்காக அந்தப் பெண் புள்ளியோடு ஒரு மாதம் காத்திருப்பாள். அது கெட்ட புள்ளியாக இருந்துவிட்டால்?

அவள் மேலே ஏறிப் போனாள். மருத்துவர் எதிரில் தையல்காரியும் உட்கார்ந்திருந்தாள்.

“படம் இல்லை சார். நான்தான் அழிச்சிட்டேன். ஒரு எழுத்து விட்டுப்போச்சு.”

“என்ன எழுத்தும்மா?”

“என்.” என்றாள். “என் தப்புதான் சார்.”

தையல்காரி அவளையே பார்த்தாள். “அப்ப காத்திருக்க வேணாமில்லே? வெட்டிடச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். விசாரணை என்று டேப்பம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு மேசையிலேயே போட்டுவிட்டாள். அவள் காத்திருந்தது வேறு ஒரு முடிவுக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு படி, ஒரு நிறுத்தம். இன்னும் நாலு படி, மறுபடி நிறுத்தம். டேப்பம்மா கதவைத் திறந்தாள். தையல்காரி கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்க்கா. ஒண்ணுமே இல்லையாம். சின்ன வயசுல வந்த சளியோட தழும்பாம். வருஷக்கணக்கா அப்படியேதான் இருந்திருக்குமாம்!”

டேப்பம்மா உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து படிக்கட்டின் அடியில் போட்டாள். மீதி நாலு படியையும் அந்தப் பெண் இறங்கி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.