அத்தையின் ஆராய்ச்சி

எங்கள் அத்தை டெல்லியில் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அப்பா ஆளைப் பார்த்துப் பதில் சொல்வார். சொந்தக்காரர்கள் கேட்டால் சரித்திரம். கோர்ட்டில் உடன் இருக்கும் வக்கீல்கள் கேட்டால் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ். பெண் கேட்டு வந்தவர்களிடம், இந்த வருஷத்தோடு முடிந்துவிடும் என்பார். அப்படி நாலைந்து வருஷங்கள் முடியாமலே போயின. பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை.

அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது நம் நாட்டுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருக்கும் எல்லையைப் பற்றி. டெல்லியில் அந்த மாதிரிப் படிப்பு தொடங்கியே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தென்காசிக்காரர்களுக்கு எல்லை என்றால் புளியறை. செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கும், அந்தப் பக்கம் போனால் மலையாளம் பேசுவார்கள், அவ்வளவுதான். அதில் வருஷக்கணக்காக ஆராய என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. அம்மாதான் வாய்விட்டுக் கேட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே, அந்த எல்லையில் செக்போஸ்ட்டே கிடையாது மைனி, அதுதான் தொந்தரவு என்றாள். அம்மா அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டாள்.

எங்கள் சித்தப்பா ராணுவத்தில் கேப்டனாக இருந்தார். அப்பாதான் மூத்தவர், நடுவில் அத்தை, கடைசியில் சித்தப்பா. அத்தை காகிதத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதே மலைகளுக்கு சித்தப்பாவை அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இதை ஒரு பெருமையான பொருத்தமாகவே பேசினார்கள்.

1962ஆம் வருஷத்துச் சாரலுக்குக் குற்றாலத்தில், ஐந்தருவி போகும் ரோட்டில் ஒரு வீடு எடுத்திருந்தோம். எனக்குப் பத்து வயது. சித்தப்பா லீவில் வந்திருந்தார். அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சித்திக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்ததால் அருவிப் பக்கமே விடவில்லை. நாங்கள் குளிக்கும்போது அவள் குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பாள். சித்தப்பா உடம்பெல்லாம் எண்ணெயோடு பாறையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கையசைப்பார். சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று அவள் குடையைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு இலைக்கு முன்னால்தான் அது நடந்தது. அத்தை தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ரோடு எதுவரைக்கும் வந்திருக்கிறது, அதற்கு மேல் எத்தனை நாள் நடை, அரிசி எப்படி வருகிறது, குளிருக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பா முதலில் விளையாட்டாகப் பதில் சொன்னார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

அத்தை நிறுத்தவில்லை. "சீனாக்காரன் வருவாம்லே. இந்தக் குளிர்காலத்துக்குள்ள வருவான். வந்தா நீங்க நிக்கிற இடம் ஒருநாள் தாங்காது" என்றாள்.

அப்பா இலையை மடக்கிவிட்டு எழுந்தார். "ஏட்டி, வேலைக்குத் திரும்பிப் போற பிள்ளைட்ட பேசுத பேச்சா இது?" என்று மட்டும் சொன்னார். மோர்ச் செம்போடு வந்த சித்தி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நான் அத்தையோடும் சித்தப்பாவோடும் கடைத்தெருவுக்குப் போனேன். எனக்கு மங்குஸ்தான் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். அத்தை ஆராய்ச்சிக்கு எழுதியிருந்த ஒரு அத்தியாயத்தின் முடிவை அவளுடைய பேராசிரியர் கொஞ்சம் மென்மையாக்கி எழுதச் சொல்லியிருந்தாராம். போர் வரும் என்று எழுத ஆதாரம் போதாது என்றாராம். எழுதியதை மாற்றுவதா வேண்டாமா என்று அத்தை தம்பியிடம் கேட்டாள்.

"மாத்தாத எக்கா. நான் அங்கன நின்னு பாத்தவன். நீ எழுதினதுதான் சரி" என்றார் சித்தப்பா.

அப்படியென்றால் ஏன் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் வாய் நிறையப் பழம் இருந்தது.

அக்டோபரில் ரேடியோ அதைச் சொன்னது. ஊர் முழுக்க ஊர்வலம். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்திக் கோஷம் போட வைத்தார்கள். யுத்த நிதிக்கு ஆட்கள் வந்தபோது சித்தி ஒரு கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மற்ற கையிலிருந்ததை, அவர் வந்து பார்க்கும்போது கை மூளியாக இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாள். சண்டை நின்றுபோய் ஒரு வாரத்துக்குப் பிறகு தந்தி வந்தது. காணவில்லை என்று இருந்தது, இறந்தார் என்று இல்லை. வீட்டில் எல்லோரும் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் குற்றாலத்தில் அத்தை சொன்னது எப்படியோ தெருவுக்குப் போயிருந்தது. படித்த பெண்ணின் கருநாக்கு தம்பியைத் தின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்பது போல வந்தவர்களே சித்தியின் காதிலும் அதைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அத்தை டெல்லியிலிருந்து வந்து சேரப் பல நாளாயிற்று. ஏன் தாமதம் என்று அப்பா பல வருஷங்களுக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். அவள் ராணுவ ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் போய் சித்தப்பாவின் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களைத் தேடியிருக்கிறாள். பனியில் கால்விரல்களை இழந்த ஒருவன் நடந்ததைச் சொன்னான். ஒருவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது அவள் வழக்கமில்லை. வேறு இரண்டு பேரைத் தேடிப்பிடித்துத் தனித்தனியாகக் கேட்டாள். எல்லாம் ஒத்துப்போயிற்று. சித்தப்பாவுக்கு வயிற்றில் குண்டு பட்டிருந்தது. தூக்கிக்கொண்டு இறங்க யாருக்கும் தெம்பில்லை. பாறையடியில் கம்பளியைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. கீழே இறங்கி வெகுதூரம் வரைக்கும் அவர் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

வந்த அன்று காலையில் அத்தையும் அப்பாவும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இறங்கி வந்தபோது அப்பா நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். கார்த்திகை மாதக் குளிரில் இது என்ன கூத்து என்று அம்மா சத்தம் போட்டாள். அப்பா அடுத்த வாளியை இறைத்தார்.

சித்திக்கு அப்போது ஏழாவது மாதம். குற்றாலத்துக்குப் பிறகு அத்தையோடு பேசாமல் இருந்தவள், அன்று தானாகவே எதிரில் வந்து நின்றாள்.

"மைனி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அவுக வருவாகளா?"

அத்தை சித்தியின் வயிற்றைப் பார்த்தாள். "வருவான். சீனாக்காரன் நிறையப் பேரச் சிறை பிடிச்சு வச்சிருக்கான். விடுவான்" என்றாள்.

போர் வரும் என்று சொன்னது பலித்ததால் இதையும் எல்லோரும் நம்பினார்கள். அம்மா உடனே சாமி விளக்கை ஏற்றினாள். நான் அத்தையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கருநாக்கு என்று சொன்னவர்கள்கூட அவளிடம் வந்து, எப்போது விடுவான் என்று கேட்டுப் போனார்கள்.

தை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் சித்தியிடம் சொல்லிவிடுவது என்று அண்ணனும் தங்கையும் முடிவு செய்திருந்தார்களாம். பச்சை உடம்பு, கொஞ்சம் தேறட்டும் என்று அப்பா தள்ளினார். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, தள்ளினார். சித்தி நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, குழந்தைக்கு சித்தப்பாவின் போட்டோவைக் காட்டிப் பால் கொடுத்தாள். டெல்லியில் அத்தையின் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, அந்த அத்தியாயத்தில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம், மிகவும் தீர்க்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்றாராம்.

கோடையில் சீனாக்காரன் கைதிகளை அனுப்ப ஆரம்பித்தான். அத்தை விடுமுறைக்கு வந்திருந்தாள். பெயர்கள் வெளியாகிக்கொண்டிருந்தன, சித்தப்பாவின் பெயர் வரவில்லை. காயம்பட்டு நினைவில்லாமல் இருப்பார், பெயர் மாறியிருக்கும், நானே நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று சித்தி கிளம்பிவிட்டாள். குழந்தைக்குக் கம்பளிச் சட்டைகூட வாங்கியாகிவிட்டது. பெட்டியும் கையுமாக அவள் கூடத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் அப்பாவால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எப்படி இறந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்பதைச் சொன்னார்.

சித்தி அழவில்லை. அத்தையிடம் போய், நிதானமாகத்தான் பேசினாள்.

"சொல்லக்கூடாத நேரத்துல சொன்னீக. சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாம இருந்துட்டீக."

அத்தை தலையை ஆட்டினாள், பரீட்சையில் தவறைச் சுட்டிக்காட்டியதை ஒப்புக்கொள்வது போல.

அன்றைக்கே அத்தை ரயிலுக்குக் கிளம்பினாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. வாசலில் குதிரை வண்டி நின்றது. அத்தை முன்னறையில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பின்கட்டு அறையிலிருந்து சித்தி என்னைக் கூப்பிட்டாள். அவள் நெற்றியில் பொட்டு அழிந்து தடம் மட்டும் இருந்தது.

"உங்க அத்தைட்ட போய்க் கேட்டுட்டு வா. கடைசியில அவுக ரொம்பக் கஷ்டப்பட்டாகளான்னு கேளு."

நான் ஓடிப் போய்க் கேட்டேன். அத்தையின் கை கயிற்றிலேயே நின்றது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் குதிரையைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லு. உடனேன்னு சொல்லு."

ஓடி வந்து சொன்னேன். சித்தி என் முகத்தையே பார்த்தாள்.

"ஒன்னயப் பாத்துச் சொன்னாகளா?"

"இல்ல. வெளிய பாத்துச் சொன்னா."

சித்தி குழந்தையின் காலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரின்னு சொல்லிட்டேன்னு சொல்லு" என்றாள்.

அவர்கள் சண்டை தீர்ந்துவிட்டது, தீர்த்துவைத்தது நான்தான் என்ற சந்தோஷத்தில், வண்டி கிளம்புவதற்குள் அந்த நல்ல சேதியைச் சொல்ல வாசலுக்கு ஓடினேன்.