அங்கிள் சிபாரிசு செய்த புத்தகங்கள்

அமெரிக்காவுக்கு ஒரே ஒரு தடவை போய்வந்த மனிதர், கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தார் என்றால் அவரைப் பற்றி மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எத்தனை சனிக்கிழமைப் பின்னேரங்களை அவருடைய முன்கூடத்தில் வீணாக்கினேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றே கூப்பிட்டோம். பெரிய கம்பனி ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சொந்த வீடு. அமெரிக்காவில் அவர் போய்த் தங்கிய கிறிஸ்தவ சபையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகங்கள் கப்பலில் வரும். அங்கே யாரோ வாசித்து, கோப்பிக் கறை பட்டு, இனி வேண்டாம் என்று கழித்துவிட்ட புத்தகங்கள். அவற்றை அங்கிள் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்து, சனிக்கிழமைகளில் எங்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சிபாரிசு செய்வார். விசுவாசத்துக்கு ஒன்று, குடும்ப வாழ்வுக்கு ஒன்று, அமெரிக்கப் பாரம்பரியத்துக்கு ஒன்று. டொக்டர் மருந்து எழுதித் தருகிற மாதிரித்தான் தருவார். வாசித்தாயா என்று அடுத்த கிழமை கேட்கவும் செய்வார்.

நானும் தம்பியும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போவோம். நாங்கள் கத்தோலிக்கர், அங்கிளின் கணக்கில் பாதிக் கிறிஸ்தவர்கள். அது தெரிந்தும் போனதற்குக் காரணம் தம்பி. துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவன் கிளார்க். ஆங்கிலம் நன்றாக வந்தால் நல்ல மேசைக்கு மாறலாம் என்று ஆசைப்பட்டான். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் பாதை மூடிக் கிடந்தது. அவனைத் தனியே ஊர் சுற்ற விட எனக்குப் பயம். அதனால் நானும் கூடப் போய் நல்ல பிள்ளையாகக் கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பேன்.

குடும்ப வாழ்வுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தகப்பன் மகன்மாரைக் காட்டுக்குக் கூட்டிப்போய் விறகு கொத்தவேண்டுமாம். பனி பெய்கிற நாளில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி இருந்து வேதம் வாசிக்கவேண்டுமாம். பிள்ளைகளோடு சேர்ந்து மரத்தின் மேல் ஒரு குட்டி வீடு கட்டவேண்டுமாம். நானும் தம்பியும் மாடியில் இரண்டு அறைக்குள் இருந்தோம். கீழே கருவாட்டுக் கடை. மரமென்று பார்த்தால் மின்சாரக் கம்பம் ஒன்று நின்றது. வாரத்தில் ஒரு மாலையாவது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பமாகப் பேசுங்கள் என்றும் ஒரு புத்தகம் சொன்னது. அதை எங்களுக்கு மின்வெட்டே செய்து தந்தது.

அந்தப் புத்தகங்களில் வருகிற மனைவி வாசலில் நின்று சிரித்தபடி புருஷனின் தொப்பியை வாங்குவாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். இதை வாசிக்கும்போது அங்கிள் கண்ணாடியைக் கழற்றி, தன் மனைவி, எங்கள் அன்ரி, இருந்த பக்கம் பெருமையாகப் பார்ப்பார். இருந்த பக்கம் என்று எழுதிவிட்டேன். அன்ரி ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் தேத்தண்ணித் தட்டோடு நடந்துகொண்டே இருப்பார், அல்லது கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. பாவம், ஒரு வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அங்கிளுக்கு உண்மையான உருக்கம் வருவது அமெரிக்கப் பாரம்பரியத்தில்தான். ராசா ஒருவன் அநியாய வரி போட்டானாம். கமக்காரர்கள் கலப்பையை அப்படியே வயலில் விட்டுவிட்டு, ஜெபம் பண்ணி, துவக்கில் குண்டைப் போட்டுத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்களாம். சொல்லும்போது மனிதருக்குக் குரல் தழுதழுக்கும். கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்துவார். "சுதந்திரம் கடவுள் தந்த உரிமை, பிள்ளைகள்" என்பார்.

ஒருநாள் தம்பி கேட்டுவிட்டான்.

"அப்ப அங்கிள், எங்கட ஆக்கள் கேக்கிறதும்..."

அங்கிள் எழும்பிப் போய் றோட்டுப் பக்க யன்னலைச் சாத்தினார். பிறகுதான் திரும்பினார்.

"தம்பி, இஞ்ச அரசியல் கதைக்கிறேல்லை. அது வேற, இது வேற."

கடலைத் தாண்டி, எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரக் கமக்காரனுக்காக அழ முடிகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் பங்கருக்குள் குந்தியிருக்கும் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் யன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தம்பிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இனி எங்கள் வீட்டு முன்னறையைப் பற்றி. அந்த நாட்களில் கொழும்புத் தமிழர்களின் முன்னறை, வீட்டில் இருப்பவர்களுக்காக அல்ல, சோதனைக்கு வருகிறவர்களுக்காகத்தான் சோடிக்கப்பட்டது. கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி இயேசுவின் திருஇருதயப் படம். மேசையில் வாசிக்கத் தெரியாத சிங்களப் பேப்பர் ஒன்று. யாழ்ப்பாணக் கடைக் கலண்டர் கட்டிலுக்குக் கீழே, தமிழ்ச் சஞ்சிகைகள் அரிசி வாளிக்குக் கீழே. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு இதுதான். அந்த அலங்காரத்துக்கு அங்கிளின் புத்தகங்கள் வாய்ப்பாக வந்து சேர்ந்தன. தடித்த மட்டை, பளபளக்கும் தாள், ஆங்கிலம், அதுவும் கிறிஸ்தவம். இதைப் பார்க்கிற ஆமிக்காரன் மரியாதையாகத் திரும்பிப் போவான் என்று நம்பினோம்.

அதிலே மிகப் பெரிய புத்தகத்தைத் தம்பி சின்ன மேசையில் நட்டநடுவில் வைத்தான். அமெரிக்கப் பாரம்பரியம் பற்றியது. அங்கிள் மிகவும் சிபாரிசு செய்தது. அட்டையில் வயல்வெளி, கொடி, சாதாரண உடுப்போடு வரிசையாக நிற்கும் ஆண்கள். ஒவ்வொருவன் கையிலும் நீளத் துவக்கு. ஒவ்வொரு நாளும் அதன் தூசியைத் துடைத்தவள் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் துவக்குகள் என் கண்ணில் படவே இல்லை. அவை அமெரிக்கத் துவக்குகள். படத்தில் சிறகு விரித்து நிற்கிற சம்மனசின் வாளை யாராவது வாள் என்று நினைப்பார்களா? அப்படித்தான் இருந்தது எங்கள் புத்தி.

ஒரு சனிக்கிழமை காலையில் சுற்றிவளைப்பு. பொலிசும் ஆமியும் சேர்ந்து படியேறி வந்தார்கள். திருஇருதயத்தைப் பார்த்தார்கள், பேப்பரைப் பார்த்தார்கள். ஒருவன் போகத் திரும்பியும்விட்டான். மற்றவன் புத்தகத்தைத் தூக்கி, "மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்டவனுக்கு, ஏதோ புத்தகம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தம்பியோ வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிறவன் போல, தன் அரைகுறைச் சிங்களத்தில், இவர்கள் அரசாங்கத்துக்கு எதிராகச் சுதந்திரத்துக்காகச் சண்டை பிடித்த நல்ல மனிதர்கள் என்று விளக்கம் கொடுத்தான். அங்கிளிடம் படித்த படிப்பு. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டை வேறு சொன்னது. அவனையும் புத்தகத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பின்னாலேயே பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார். கத்துகிற ஆளாகத் தெரியவில்லை; களைத்துப்போன மனிதர். புத்தகம் யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் அந்த ஆள் வந்து என் முன்னால் சொல்லட்டும் என்றார். பின்னேரம் தன் டியூட்டி முடியும் முன்னர் வந்தால் விட்டுவிடுவாராம். வராவிட்டால் பையனை மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வருமாம். அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றுமில்லை என்று சோற்றைப் பிசைந்தார். மேலிடத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மாரை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பஸ்ஸைப் பிடித்து, காலி வீதியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வழமையான கூட்டத்துக்காகக் கதிரைகள் போட்டிருந்தன. இன்னும் ஒருவரும் வரவில்லை. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அங்கிளின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி தம்பியைப் பற்றியது அல்ல.

"அந்தப் புத்தகத்தில எங்கட சீல் அடிச்சிருக்கோ?"

"இல்லை அங்கிள். நீங்கள் ஒருக்கா வந்து, நான்தான் குடுத்தனான் எண்டு சொன்னாப் போதும். விட்டிடுவினம்."

"மகள், அப்பிடி எடுத்தன் கவிழ்த்தன் எண்டு செய்யேலாது. இந்த ஊழியத்தையும் யோசிக்கவேணும். நான் போய் மாட்டினால் எத்தனை பேருக்குக் கேடு?"

"அவன் பின்னேரத்துக்கு முன்னம் வெளியில வராட்டி மேல அனுப்பிப் போடுவாங்கள் அங்கிள்."

"ஜெபிப்பம்" என்றார். "கர்த்தர் வழி திறப்பார்."

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். ஒரு கணம் நான் நம்பினேன், சட்டை மாற்றத்தான் போகிறார் என்று. அவர் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார். சோதனைக் காலத்தில் பொறுமையாக இருப்பது எப்படி என்பதைப் பற்றிய புத்தகம். அதை வாசிக்கச் சிபாரிசு செய்தார்.

அந்த ஆளை நான் வெறுத்தேன். நெருப்பு மாதிரி வெறுத்தேன். துவக்குத் தூக்கிய கமக்காரனுக்காக மூக்குச் சிந்தின மனிதருக்கு, ஒரு பொலிஸ் மேசைக்கு முன்னால் நின்று ஒரு வசனம் சொல்லத் தைரியம் இல்லை. சீ, இதுவும் ஒரு ஆண்பிள்ளையா என்று வாய்வரை வந்தது. புத்தகத்தைக் கதிரையில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

அன்ரி கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. உள்ளே போய்க் கைப்பையும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தார். அடுப்படிச் சீலையை மாற்றக்கூட இல்லை.

"வாங்கோ பிள்ளை, போவம்" என்றார்.

"எங்க போறீர்?" என்று கேட்டார் அங்கிள்.

"தேத்தண்ணி பிளாஸ்கில இருக்கு" என்றார் அன்ரி, செருப்பைக் கொழுவிக்கொண்டு.

பஸ்ஸில் அன்ரி என் கையைப் பிடித்திருந்தார். பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு நேரே போய் நின்று, நல்ல சிங்களத்தில், "மே பொத மமய் துன்னே, மஹத்தயா" என்றார். இந்தப் புத்தகத்தை நான்தான் கொடுத்தேன் என்று. தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்காமலே சொன்னார். இதே மாதிரி ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தெரியாது, தான் ஒன்றையும் வாசித்ததில்லை, தூசு தட்டுவது மட்டும்தான் தன்னுடைய வேலை என்றார் அன்ரி.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டிலும் ஒரு பிரயோசனமும் இல்லாத புத்தகங்கள் கிடக்கின்றன என்றார். தம்பியைக் கொண்டுவந்தார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் "அக்கா" என்றான். நான் அந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். புத்தகத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். தம்பிதான், அன்ரிக்கு நன்றி சொல்லவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனான். கூடம் நிறையச் சனம். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. அங்கிள் கம்பளிச் சட்டையோடு எழும்பி நின்று சாட்சி சொல்லத் தொடங்கினார். இந்த வீட்டில் ஏறெடுத்த ஜெபத்தினால் சிறைக் கதவு திறந்ததாம். ஒரு குடும்பத்தின் தலைவன் முழங்காலில் நின்றால் அந்தக் குடும்பம் எதையும் செய்யுமாம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அன்ரி தேத்தண்ணித் தட்டோடு வந்தார். அதைக் கொண்டுவந்து அங்கிளுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தார். பிறகு முன்வரிசையில் வெறுமையாக இருந்த கதிரையை இழுத்து, சீலையைச் சரிசெய்துகொண்டு, அதில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ" என்றார். "பொலிசுக்கு ஆர் போனது எண்டும் சொல்லுங்கோ."

அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் தட்டின் பக்கம் திரும்பி, கேத்தலைத் தூக்கினார். அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றியது அங்கிள்தான். பாதி கோப்பைக்கு வெளியே போனது.