முட்டை சேர்த்த பிரெட்

மனைவி போன பிறகு, ஞாயிறு மதியம் மட்டும்தான் இன்னொருவர் சமைத்ததைச் சாப்பிடுவேன். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஊரின் மறுகோடியிலுள்ள கொண்டாப்பூருக்கு இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போவேன்.

ஆட்டிறைச்சி எனக்கு ஆகாமல் போனது உண்ணிக் கடியால் இருக்கலாம் என்றார் டாக்டர். மாடு, பன்றி, பால், நெய், ஜெலட்டின் என்று பாலூட்டிகள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் தடை. கோழியும் முட்டையும் தப்பின. பாக்கெட்டில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே பால் இருக்கலாம். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருந்தால் ஏதோ ஒரு பிராணி இருக்கிறது. எது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் நாட்டில் லேபிள் சாதி ஆசாரத்துக்குப் பயன்படும், உடம்புக்குப் பயன்படாது.

தொழிற்சாலையில் தரச் சோதனைப் பணியில் இருந்தபோது, சப்ளையரின் சான்றிதழ் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட நான் உள்ளே விட்டதில்லை. அதே விதியை மகள் சமையலறையிலும் அமல்படுத்தினேன். எதை வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

"ராக்கெட்டுக்குக்கூட இவ்வளவு டெஸ்ட் கிடையாது மாமா" என்பார் மருமகன்.

"ராக்கெட்டுக்கு மூச்சுத் திணறாது மாப்பிள்ளை."

ஒரு வாரம், தேங்காய்ப்பாலில் எனக்கு டபுள் கா மீட்டா என்ற இந்த ஊர்ப் பிரெட் இனிப்பு செய்யப்போவதாக மகள் சொன்னாள். பால் சேராத பிரெட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, முட்டை சேர்த்த ஒன்றைக் கண்டுபிடித்தாள். முட்டைக்காகப் பழுப்பு முக்கோணம் போட்டிருந்தது; பட்டியலில் எமல்சிஃபயர் 471 இருந்தது. அது தாவரக் கொழுப்பா, விலங்குக் கொழுப்பா என்று கம்பெனிக்கு எழுதினேன். தாவரம் என்று பதில் வந்தது. அனுமதி தந்தேன்.

அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த ஒவ்வாமை சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வரும். சாயங்காலம் கிளம்பச் செருப்பு மாட்டும்போது உள்ளங்கால் அரித்தது. பிறகு தடிப்பு, தொண்டை இறுக்கம், மருமகனின் கார், ஆஸ்பத்திரி. ஊசி போட்டபின் கண்ணைத் திறந்தால், மகள் கட்டிலருகே நின்று பிரெட் கவரைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கம்பெனிக்கு மறுபடியும் எழுதினேன். மூலப்பொருள் பேட்சுக்குப் பேட்ச் மாறக்கூடும் என்று மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். நடைமுறையில் எங்கும் பிழை இல்லை. நானும் பிழை செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. பிழை இருந்திருந்தால் திருத்தியிருப்பேன்.

சனிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"நாளைக்கு வாங்கப்பா. சாப்பாடு மட்டும் கையோட கொண்டு வந்திடுங்க."

"பாக்கெட்டே வேணாம்மா. வெறும் சாதம், ரசம் போதும்."

"என் கையால வேணாம்ப்பா. என்னால முடியல."

போனேன். அவர்கள் தட்டில் சாப்பிட்டார்கள், நான் டப்பாவில் சாப்பிட்டேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. தண்ணீர் கேட்டேன். எழுந்து போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.