வெயில் படாமல் வளர்த்த பிள்ளை

மகனுக்குக் கும்பகோணத்து டாக்டர் எழுதித் தந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தும் ஜெகபர் அலிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதில் ஒரு மாத்திரைகூட இல்லை. 'தினம் ஒரு மணி நேரம் நடை, ஓட்டம், விளையாட்டு. ஒரு நாளும் விடக் கூடாது' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இர்பான், வயது பதினைந்து, எடை எண்பத்தேழு கிலோ. பையனுக்குச் சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது என்று டாக்டர் வாயாலும் சொல்லி அனுப்பியிருந்தார்.

சர்க்கரை என்றால் என்னவென்று ஜெகபர் அலிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்பத்தொன்பதில் ஷார்ஜாவுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியவர். வலது காலில் இரண்டு விரலை அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு, போன மாதம்தான் பாபநாசம் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். இடையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தபோதெல்லாம் இதே பையனைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், பணக்கார வீட்டுப் புள்ள மாதிரி இருக்கான்" என்று பூரித்தவரும் அவர்தான். அதையெல்லாம் இப்போது யார் நினைவுபடுத்துவது?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கமருன்னிஸாவைப் பிடித்துக்கொண்டார்.

"அர கிலோமீட்டர்ல இருக்கு பள்ளிக்கூடம். அதுக்கு ஆட்டோவா? தெருமுனையில பரோட்டா வாங்கவும் வண்டியா? பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியடுன்னு ஒண்ணு இருக்கே, அப்ப இவன் என்னதான் பண்றான்?"

"வகுப்புலயே உக்காந்திருப்பான். புள்ளைக்கு வெயில் ஒத்துக்காதுன்னு வருஷா வருஷம் வாத்தியாருக்கு லெட்டர் எழுதிக் கொடுத்துடுவேன்."

"லெட்டரா! ஒனக்கு அறிவிருக்கா? யாரு ஒனக்கு இந்த யோசனையக் கொடுத்தது?"

கமருன்னிஸா பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். போன் வசதி வராத காலத்தில், ஊருக்கு லீவில் வருகிறவர்களிடம் அவர் பேசிக் கொடுத்தனுப்பிய கேசட்டுகள் அதில் இருந்தன. அந்தத் தெருவில் கடிதம் எழுதச் சோம்பல்படும் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். பதிமூன்று வயது மகள் ஆஷிகா டேப்ரெக்கார்டரைத் தூக்கி வந்து வைத்தாள். ஒரு கேசட் ஓடத் தொடங்கியது.

"கமரு, புள்ளைய கிரவுண்டுக்கு அனுப்பாதே. வாத்தியாருக்கு லெட்டர் எழுதிக் கொடுத்துடு. சைக்கிள் கேட்டான்னா வாங்கித் தராதே, ஆட்டோ வச்சு அனுப்பு. அவன் ஒடம்புல ஒரு சொட்டு வேர்வை வரக் கூடாது. அவனுக்கும் சேத்துத்தான் நான் இங்க வேகுறேன்."

பாய்ந்து போய் நிறுத்தினார் ஜெகபர் அலி.

"இன்னும் பதினாறு இருக்குங்க," என்றாள் கமருன்னிஸா. "போடவா?"

தப்பு யார் மேல் என்று தெரிந்துவிட்டால் கோபம் தணிந்துவிடும் என்பார்கள். சுத்தப் பொய். அவருக்கு இரண்டு மடங்காக ஏறியது. நாற்பத்தைந்து டிகிரியில் வெந்தவன், வெயில்தான் பிள்ளைக்கு எமன் என்று நினைத்துவிட்டான். தன் காலைத் தின்றது வெயில் அல்ல, தொழிலாளர் முகாமில் வேளை கெட்ட வேளையில் தின்ற சோறும் கவனிக்காமல் விட்ட சர்க்கரையும்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அவர் ஒருவர் மட்டுமா? அந்தத் தெருவில் துபாய்க்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்பிய எந்த வீட்டில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை ஒன்று டி.வி. முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் இர்பானை உலுக்கி எழுப்பிக் குடமுருட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனார். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். நானூறு அடிகூட நடந்திருக்க மாட்டான், மதகுக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"முடியல அத்தா. நெஞ்சு அடைக்குது."

"மூணு விரல வச்சுக்கிட்டு நான் நடக்கல? எந்திரிடா! இன்னைக்கு அம்பதடி கூட நடந்துட்டுதான் வீட்டுக்கு."

பையன் அழுதான், எழுந்தான், நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். அவனைத் திட்டிக்கொண்டே திரும்பியபோதுதான் ஜெகபர் அலி பார்த்தார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஷிகா பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் மூச்சு இரைத்தது. அண்ணன் அளவுக்கு இல்லாவிட்டாலும் அவளும் கனமான பிள்ளைதான். அதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார்.

"நீ எங்கடி வந்தே? பொம்பளப் புள்ளைக்கு ஆத்தங்கரையில என்ன வேலை? வீட்டுக்குப் போ!"

அவள் நகரவில்லை.

"அண்ணனுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தீங்க. எனக்கு யாருமே எடுத்துப் பாக்கலியே அத்தா. ஒங்க சர்க்கரை ஆம்பளப் புள்ளைக்கு மட்டும்தான் வருமா?"

கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கையை அவரே பார்த்தார். இவளுக்கு ஆட்டோவும் கிடையாது, லெட்டரும் கிடையாது. கடைக்குப் போவதே கூடாது என்று வைத்திருந்த பிள்ளை. இவள் எடை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அப்பன் என்று பெயர். தன் மேலேயே காறித் துப்பலாம் போல வந்தது அவருக்கு.

"முன்னால நட," என்றார், அதே அதட்டல் குரலில். "வேகமா நட. எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன்."