மச்சான் கொண்டுவந்த சீனச் சரித்திரம்

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். பிறந்த வீட்டையும் உம்மாவின் கைச்சோற்றையும் விட்டு, ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குள் நுழைவார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியப் பெண் வீட்டாருக்கு ஆசை இருக்கும். ஆசையே இல்லாததுபோல இருக்க வேண்டும் என்பது முறை.

என் ராத்தாவை, அதாவது அக்காவை, முடித்த மச்சான் பாலமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்த அன்று, அவருடைய பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "பாரம்தான்," என்று உம்மா குசினிக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லில் நிறைய நம்பிக்கை இருந்தது. மறுநாள் பெட்டி திறந்தபோது மேலே மூன்று சாரன், நாலு சட்டை, ஒரு தொழுகைப் பாய். அதற்குக் கீழே அடிவரைக்கும் புத்தகம்.

மச்சான் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்ஸில் கொண்டக்டர். பஸ் கொழும்பில் நிற்கும் பகலில் நடைபாதைக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்த பழைய புத்தகங்கள் அவை. ஒருநாள் இரவு போவார், மூன்றாம் நாள் விடிய வருவார், வந்தால் பகல் முழுக்க அறையில் படுத்திருப்பார்.

உம்மாவும் மச்சானும் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். மாமியார் புது மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது அந்த நாளில் மரியாதை இல்லை. வாப்பா சவூதியில் இருந்தார். ராத்தாவோ புதுப் பெண், பாதி நேரம் அவளுக்கும் வெட்கம். ஆகவே உம்மாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் சொல் கொண்டுபோகும் வேலை எனக்கு விழுந்தது. குசினிக்குள் உம்மா என் காதுக்குள் குசுகுசுப்பார். நான் கூடத்தைச் சுற்றிக்கொண்டு அறை வாசலுக்குப் போய், திரையை விலக்கி, அதை மச்சானிடம் குசுகுசுப்பேன். குசினியிலிருந்து அறைக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். எண்ணி வைத்திருந்தேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது.

குசுகுசுக்கக் காரணம் இருந்தது. அறைக்கும் குசினிக்கும் இடையில் இருந்த சுவர் கூரைவரைக்கும் எழும்பவில்லை. ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. மீதியை வாப்பா வந்து கட்டுவார் என்பது உம்மாவின் நம்பிக்கை. மீன் பொரித்தால் புகை சுவருக்கு மேலால் ஏறி அறைக்குள் இறங்கும். உரத்துக் கதைத்தால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் மெதுவாகக் கதைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாரும் என்னைப் போகவேண்டாமென்று மறிக்கவில்லை, நானேதான் நின்றேன். எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்துகளை எண்ணத் தொடங்கிவிடுவேன், வாசிக்க வராது. பரீட்சை என்றால் முதல்நாளே காய்ச்சல் வந்துவிடும், பொய்க்காய்ச்சல் அல்ல, தொட்டால் சுடும். வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தார். உம்மா அழுது பார்த்தார். பிறகு ஒரு தையல் மெசினுக்கு முன்னால் என்னை உட்கார்த்தினார்கள்.

மச்சான் பஸ்ஸுக்குப் போன ஒரு நாள், அறை கூட்டப் போன நான் பெட்டியைத் திறந்தேன். முதலில் கையில் வந்தது ஒரு மர்மக் கதை. பூட்டிய அறைக்குள் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார், சாவி அவருடைய வாய்க்குள் இருக்கிறது. நின்றபடியே முப்பது பக்கம் வாசித்துவிட்டேன். யாரும் என்னை எழும்பி நிற்கச் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு மச்சான் இல்லாத நாளெல்லாம் எனக்கு அறை கூட்டும் வேலைதான். மர்மக் கதைகள் முடிந்து பேய்க் கதைகளுக்கு வந்தேன். ஈரத் தலையோடு தண்ணீர் அள்ள வரும் ஒரு பெண்ணைப் பற்றி வாசித்த கிழமை, கிணற்றடிக்குத் தனியே போகாமல் ராத்தாவை இழுத்துக்கொண்டு போனேன். எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைக்க வேண்டுமென்று தையல் நூலால் அளந்து வைப்பேன். வைத்துவிட்டு வந்தாலும் சரியாக வைத்தேனா என்று மூன்று தரம் திரும்பிப் போவேன். ஆனால் பக்க அடையாளத்துக்கு வைத்த கறிவேப்பிலையை எடுக்க மறந்துபோனேன். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை பெட்டியைத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே நான் காணாத ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதன்மேல் ஒரு புதுக் கறிவேப்பிலை.

அதுதான் சீனச் சரித்திரம். பேய் இல்லாத புத்தகம் என்று முதலில் முகம் சுளித்தேன். உள்ளே போனால் பேயைவிடப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். நாட்டின் எல்லையெல்லாம் சுவர் கட்டிய ஓர் அரசன், ஊரில் உள்ள புத்தகங்களையெல்லாம் எரிக்கச் சொல்கிறான். சிலர் தங்கள் புத்தகங்களை வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். இன்னொரு அத்தியாயத்தில், பரீட்சை எழுதச் சிறிய சிறிய கூடுகளுக்குள் நாட்கணக்காக அடைந்து கிடக்கும் ஆண்கள். தாடி நரைக்கும்வரை தோற்றுத் தோற்றுத் திரும்பி வருகிறார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு பெரிய தேசத்திலும் பரீட்சைக்குக் காய்ச்சல் வந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பெரிய கறுப்பு எழுத்து ஒன்று சீன மொழியில் இருந்தது. வினை அங்கிருந்துதான் வந்தது.

ராத்தாவுக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் சத்தி எடுப்பாள். புளியாணம் வைத்துக் கொடுத்தாலும் இறங்காது. பகலில் தூங்கினாலும் திடுக்கிட்டு எழும்பி அழுவாள். இப்படியான அழுகைக்கு ஒரு காரணம் வேண்டும் என்று உம்மா தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் பின்நேரம், மச்சான் அறையில் நித்திரை. கூடத்தில் நான் மெசினுக்குப் பக்கத்தில் விரித்தபடி விட்டுவிட்டு வந்த சீனச் சரித்திரம் உம்மாவின் கண்ணில் பட்டது.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஓதவும் நன்றாகத் தெரியும். இது இரண்டும் இல்லை. கட்டம் கீறி, நடுவால் கோடு இழுத்த எழுத்து. ஆளைக் கட்டி வைப்பதற்குத் தகட்டிலும் தாளிலும் இப்படித்தான் கட்டம் கீறி இசுமு என்ற மந்திரம் எழுதுவார்கள் என்று உம்மா கேள்விப்பட்டிருந்தார். அட்டையில் பேய்ப்படம் போட்ட புத்தகங்களை அதுவரை சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்ததோடு விட்டிருந்தவர், சரித்திரத்தைக் கண்டு வெளிறிப்போனார். என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனார். துருவலைப் பலகையில் பாதித் தேங்காய் கிடந்தது.

"போய்க் கேளு," என்றார் என் காதுக்குள். "இத அவர்ர உம்மாவா குடுத்து விட்டா எண்டு கேளு. மகன் கைய விட்டுப் போயிட்டான் எண்டு என்ட புள்ளக்கி எழுதிப் போட்டிரிக்கா. இந்தப் பொத்தகத்தையெல்லாம் இண்டைக்கே அங்க கொண்டு போகட்டாம். இல்லாட்டி அவரும் போகட்டும்."

எனக்குக் காது சுட்டது. அந்தச் சொல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எதுவும் நடக்குமுன்னே அதன் முடிவுவரைக்கும் ஓடிப் பார்த்துவிடுகிற புத்தி எனக்கு. மச்சான் பெட்டியைத் தூக்குகிறார், இந்த முறை தனியாக. ராத்தா வாசலில் நிற்கிறாள், வயிற்றோடு. பிறகு பிறக்கும் பிள்ளை வாப்பா எங்கே என்று கேட்கிறது. இவ்வளவும் நான் புத்தகத்தை மூடி வைக்காததால்.

ஒன்பது எட்டு. எட்டாவதில் நின்றேன். பிறகு ஒன்பதாவதையும் வைத்தேன்.

மச்சான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். நித்திரை என்றுதான் நினைத்திருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குசுகுசுத்தேன்.

"மச்சான், பொத்தகமெல்லாம் பெட்டிக்குள்ள கிடந்து பழுதாகிப் போயிருமாம். ஒரு பலகை றாக்கை அடிச்சி ஒழுங்கா வைக்கட்டாமெண்டு உம்மா சொன்னா."

அவர் என்னைப் பார்த்தார். 

"மாமியா சொன்னா?"

"ஓம்."

"மறுகா வேற என்ன சொன்னா?"

"மறுகா ஒண்டுமில்ல."

"மாமி சொன்னா செய்யத்தானே வேணும்," என்றார். பிறகு, "அந்தச் சீனச் சரித்திரத்த எடுத்துட்டு இஞ்ச வா புள்ள," என்று திடீரென்று குரலை உயர்த்தினார். பஸ்ஸில் ஊர்ப்பேர் கூவும் குரல் அது.  உம்மாவுக்குக் கேட்குமே! கூடத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன், பக்கத்தை விரித்து அதே குரலில் கேட்டார்.

"இந்த எழுத்து என்னண்டு தெரியுமா ஒனக்கு? இது சீனாக்காரன்ட எழுத்து. கொழும்பில ரோட்டோரத்தில வாங்கின பொத்தகம். நல்லாப் பாரு, நாலு பக்கமும் அடைச்சி, நடுவுல குறுக்கும் நெடுக்கும் கோடு. என்ன மாதிரி இரிக்கி?"

"தெரியா மச்சான்," என்றேன் அழாக்குறையாக.

"வயல்! சீனாவிலயும் நம்மளப்போல சோறு திங்கிற ஆக்கள்தான். நாலு வயல், நடுவுல வரம்பு. இந்த எழுத்துக்கு வயல் எண்டுதான் அருத்தம். பயப்புடுறதுக்கு ஒண்டுமில்ல."

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் அதுவரைக்கும் கேட்கவில்லை. இப்போது மெல்லத் தொடங்கியது.

திரும்பிப் போனபோது உம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்மாந்துறைப் பக்கம் உம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் ஒன்று இருந்தது. அதன் வரம்புகளில் நடந்து வளர்ந்தவர். "வயலாமே," என்றார் துருவியபடி. "உரத்துத்தானே சொன்னார், கேட்டிச்சி. வயலெண்டா என்னத்துக்குப் பயம்?" மற்றச் சொல்லைப் பற்றி, அதாவது என்னிடம் கொடுத்து அனுப்பிய அந்தப் பெரிய சொல்லைப் பற்றி, ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கதவுக்கென்று உம்மா பின்வளவில் பத்திரப்படுத்தியிருந்த இரண்டு தேக்கம் பலகைகள் அறை வாசலில் சாத்தியிருந்தன. ராத்தா வைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். மச்சான் அன்றே இழைத்து, குசினிச் சுவரோடு சேர்த்து அறைக்குள் றாக்கை அடித்தார். புத்தகங்கள் ஏறி உட்கார்ந்தன. முகப்படம் உள்ளவை சுவரைப் பார்த்தபடி. உம்மாவுக்கு அந்த ஒரு விசயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. வீட்டில் எல்லாம் அடங்கிவிட்டது, ராத்தா சாப்பிடத் தொடங்கிவிட்டாள். நானோ சாப்பாட்டை விட்டேன். ஒரு பொய்க்கு மூன்று நோன்பு என்று எங்கேயோ பாதி காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு மூன்று நாள் நோன்பு பிடித்தேன். "இப்ப என்ன நோன்பு உனக்கு?" என்றார் உம்மா. "சும்மா," என்றேன். என்றைக்காவது ஒருநாள் இவர்கள் இருவரும் நேருக்கு நேர் கதைக்கத் தொடங்குவார்கள், 'நான் எங்க றாக்கை அடிக்கச் சொன்னன்?' என்று உம்மா கேட்பார் என்பது என் பயம். கூடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டால் ஓடிப்போய் நடுவில் நிற்பேன். "இவள் என்ன, எப்ப பாத்தாலும் குறுக்க நிக்கிறாள்," என்று ராத்தா ஏசுவாள்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று அது நடந்தது. உம்மா பிள்ளையைச் சீலையில் சுற்றி எடுத்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, மச்சானிடம் நேரேயே சொன்னார். "புடிங்க மகன்." நடுவில் போய் நிற்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மச்சான் பிள்ளையை வாங்கினார். "மாமி, ஒங்களப்போலதான் இரிக்கா," என்றார். அவ்வளவுதான். றாக்கையைப் பற்றி அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இரண்டு பேருக்கும் மறதி என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

வருசங்கள் போயின. ராத்தாவுக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டினார்கள். இந்த வீடு இளையவளான எனக்கு வந்தது, அந்த அறையும் வந்தது, என்னை முடித்தவரும் ஒரு பெட்டியோடு வந்தார். மச்சான் புத்தகங்களில் பாதியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். சுவர் இன்னும் அதே உயரம். வாப்பா வந்தபோது வேறு வேலைகள் இருந்தன.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். இந்த வயதுவரைக்கும் பகலில் அந்த அறையில் நான் படுத்ததே இல்லை, பகலெல்லாம் குசினியும் மெசினும்தான். லுஹர் தொழுதுவிட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் தலைவைத்துச் சாய்ந்தேன். என்னை முடித்தவர் பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தார். அப்போது யாரோ என் காதுக்குள் கதைத்தார்கள்.

"போய் மாப்புளட்ட சோத்துக்கு மீன் காணுமா எண்டு கேளு. காணாட்டியும் ஓமெண்டுதான் சொல்லுவார். நீ அவர்ர முகத்தப் பாத்துட்டு வா."

உம்மாவின் குரல். குசினியில் ராத்தாவின் சின்ன மகளுடைய காதுக்குள் குசுகுசுக்கிறார். கூரை ஓட்டில் பட்டு, சுவருக்கு மேலால் இறங்கி, ஒரு சொல் சிந்தாமல் எனக்குக் கேட்டது. எழும்பி உட்கார்ந்தேன்.

"என்ன, இது தெரியாதா உனக்கு?" என்றார் அவர் கண் திறக்காமலே. "நான் வந்த நாளையில இரிந்து கேக்குது. இஞ்ச மெல்லக் கதைச்சா அங்கயும் கேக்கும். மாமி நல்ல மனிசி."

பிள்ளையின் காலடி கூடத்தில் கேட்டது. நானும் எண்ணினேன். சின்னக் கால்களுக்குப் பதினொரு எட்டு. அவ்வளவு நேரம்கூட மச்சானுக்கு நான் கொடுக்கவில்லை. ஒன்பது எட்டுத்தான் வைத்தேன் அன்று. தன் உம்மாவைப் பற்றி அப்படி ஒரு சொல்லைக் கேட்ட மனிசன், கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, அந்த ஒன்பது எட்டுக்குள் தன் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். என் பொய்யைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட இன்னொரு மனிசி, விடிவதற்குள் இரண்டு பலகைகளைத் தேடி எடுத்திருக்கிறார்.

அந்தப் பொய்க்காக நோன்பு பிடித்தவள் நான் மட்டும்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.